அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

கீழச்சாத்தங்குடி சுடர்விழியை அந்தப் பக்கத்து ஊர்களில் ‘ரத்தம் எடுக்கிற பொண்ணு’ என்றால்தான் தெரியும். தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அங்கே வந்து வரிசையில் உட்கார முடியாத வயசாளிகளின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வருவது அவள் பொறுப்பு. சர்க்கரைக்குப் பார்ப்பதை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். வெறும் வயிற்றோடு இருக்கிற மனுஷர் காபிக்கு எவ்வளவு நேரம் பொறுத்திருப்பார்? ஐந்து மணிக்கு வண்டியைக் கிளப்பினால்தான் ஏழரைக்குள் ஏழெட்டு வீடு முடியும்.

சேர்ந்த புதிதில் ஸ்கூட்டி வைத்திருந்தாள். திருவையாற்றுக்கு உள்பக்கம் போகிற கிராமத்துச் சாலைகளில் அதன் சின்னச் சக்கரம் குழியில் இறங்கினால் ஏறாது. இரண்டு முறை வயலோரம் சாய்ந்த பிறகு அதைத் தள்ளிவிட்டு, ஆண்கள் ஓட்டுகிற நூறு சிசி பைக் ஒன்றைப் பழசாக வாங்கினாள். கணவன் பகலவன் மினிபஸ் டிரைவர். ஒரு வாரம் பின்னால் உட்கார்ந்து கியர் சொல்லிக் கொடுத்தான். எட்டாம் நாள், இனிமேல் சொல்ல ஒன்றுமில்லை என்று இறங்கிக்கொண்டான். டீக்கடைகளில் இருந்து வந்த பேச்சுகளும் ஆறு மாதத்தில் ஓய்ந்தன. அவள் எடுத்துக்கொண்டு போகிற ரத்தம் அந்த டீக்கடைக்காரர்களின் அப்பா அம்மாவுடையதாக இருந்தது.

மார்கழி பிறந்ததும்தான் சோதனை. இங்கே இறங்குவது மலைப்பக்கத்துப் பனி அல்ல, மூடுபனி. வயலில் தண்ணீர் நிற்கும், வாய்க்காலில் தண்ணீர் ஓடும், சம்பா கதிர் வாங்கி நிற்கும். இத்தனை ஈரத்தின் மேலும் விடியலுக்கு முன்னால் ஒரு வெள்ளை வந்து படுத்துக்கொண்டால் வெயில் ஏறும் வரை எழுந்திருக்காது. வண்டியின் முன்சக்கரம் தெரியும், அதற்கு அந்தப் பக்கம் உலகம் இருக்கிறது என்பதை நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

பத்து மார்கழி அப்படி ஓட்டியதில் சுடர்விழிக்குச் சில விஷயங்கள் உடம்பிலேயே ஊறிவிட்டன. விளக்கை உயர்த்திப் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர் எழும்பும். தாழ்த்தித்தான் போட வேண்டும். விளக்கின் பாதியில் மஞ்சள் கண்ணாடித்தாள் ஒட்டியிருந்தாள். ஹெல்மெட் கண்ணாடி மூச்சுக் காற்றில் மங்கும் என்பதால் அதை மேலே தூக்கிவிட்டு, பனி கண்ணில் அறைவதைத் தாங்கிக்கொண்டு ஓட்டுவாள். முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கை நம்பிப் பின்னால் போக மாட்டாள். அது பஸ்ஸாகவும் இருக்கலாம், அனாதையாக நிற்கிற நெல் லாரியாகவும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாததைக் காது சொல்லும். மோட்டார் கொட்டகைச் சத்தம் வந்தால் இடது வளைவு. கோயில் ஒலிபெருக்கி வலது பக்கம் கேட்டால் நங்கையூர் தாண்டியாயிற்று. விரல் மரத்துப்போனால் வண்டியை நிறுத்தி என்ஜின் பக்கம் கையை நீட்டிச் சூடேற்றிக்கொள்வாள். பத்து வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. இதை அவள் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. மனசுக்குள் மட்டும் வைத்திருந்தாள்.

போன மார்கழி பத்தாம் தேதி, நங்கையூர் தியாகேசன் வீட்டில் ரத்தம் எடுத்தாள். தியாகேசன் எழுபது தாண்டியவர், இருபது ஏக்கருக்கு மிராசு. சுடர்விழியின் அப்பா ரெத்தினம் ஒரு காலத்தில் அவர் வயலில் பண்ணை வேலை பார்த்தவர். அப்பா அவரை ‘ஐயா’ என்றார். சுடர்விழி முதல் நாளே ‘சார்’ என்றாள். அவருக்கு அது கொஞ்சம் கசந்தது. ஆனால் நரம்பு கிடைக்காத அவர் கையில் ஒரே குத்தில் ரத்தம் எடுப்பவள் அவள் ஒருத்திதான் என்பதால் விழுங்கிக்கொண்டார்.

ரத்தம் எடுத்ததும் குழாயில் ஒட்டியிருக்கும் பார்கோடு குறியீட்டைப் போனில் காட்ட வேண்டும். காட்டிய நொடியே, இன்ன நேரத்துக்கு மாதிரி பெறப்பட்டது என்று வீட்டாரின் போனுக்குக் குறுஞ்செய்தி போகும். அன்றைக்கு ஆறு மணி எட்டு நிமிஷம். குழாயை ஐஸ் பெட்டியில் வைத்து, பெட்டியைப் பின் சீட்டில் பட்டை போட்டு இறுக்கி, ஆறு பன்னிரண்டுக்குக் கிளம்பினாள்.

ஏழு கிலோமீட்டர் தள்ளி ஒரு வாய்க்கால் பாலம். முந்தின நாள் காலையில் அது முழுசாக இருந்தது. அன்றைக்கே சாயங்காலம் தொடங்கி ராவோடு ராவாக ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பழைய பாலத்தை உடைத்து, சாலையின் குறுக்கே ஆளுயரத்துக்கு வெட்டி, கம்பி கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஓரமாக மண்ணைப் போட்டு ஒரு மாற்றுப் பாதையும் அமைத்திருந்தார்கள். அப்படி ஒரு பாதை இருக்கிறது என்று சொல்லத்தான் அங்கே எதுவும் இல்லை. ஒரு பலகை இல்லை, ஒரு தகர டிரம் இல்லை, ஒரு விளக்கு இல்லை, சிவப்பு நாடா ஒரு முழம் கூட இல்லை.

சுடர்விழி இரண்டாவது கியரில் வந்துகொண்டிருந்தாள். எதிரே சாலை கறுத்துத் தெரிந்தது. ஈரத் தார் என்று நினைத்தாள். பிரேக்கை அழுத்தினாள். பின்சக்கரம் நின்றது; முன்சக்கரத்துக்குக் கீழே சாலை இல்லை.

இடது மணிக்கட்டு உடைந்தது. முகவாய் கிழிந்தது. கட்டியிருந்த கம்பிகளுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்ததால் உயிர் பிழைத்தாள். சேற்றில் உட்கார்ந்தபடி முதலில் பெட்டியைத்தான் திறந்து பார்த்தாள். ஐந்து பேரின் ரத்தம் பத்திரமாக இருந்தது. பிறகுதான் கத்தினாள்.

சத்தம் கேட்டு வந்தவர் பால் ஊற்றுகிற மீரா உசேன். அவர் மாற்றுப் பாதையைத் தற்செயலாகக் கண்டுபிடித்துப் போய்க்கொண்டிருந்தவர். மொபெட்டைப் போட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கி அவளைத் தூக்கினார். ஆறு முப்பத்தைந்துக்கு ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினார்.

“இப்பத்தான் நானே விழுந்திருக்கணும்மா. படுபாவிங்க, ஒரு கல்லாவது வச்சிருக்கலாம்ல,” என்று ஆம்புலன்ஸ் வரும் வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆஸ்பத்திரியில் முகவாய்க்குத் தையல் போடக் கூட்டிப்போகும் நேரத்தில் காவல் நிலையத்து ஏட்டு வந்தார். நாலு கேள்வி கேட்டார், நாலு வரி எழுதினார், கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

நாலாம் நாள் பரிசோதனை நிலையத்தில் லீவுக்குக் கொடுக்க வேண்டும் என்று பகலவன் போய் முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி வந்தான். சுடர்விழி கட்டிலில் சாய்ந்தபடி படித்தாள். அதில் ‘நான்’ என்று அவளே பேசிக்கொண்டிருந்தாள். நான் மேற்படி இருசக்கர வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து, மேற்படி இடத்தில் நடைபெற்று வந்த பாலப் பணியைக் கவனிக்காமல், நிலைதடுமாறித் தானாகவே விழுந்துவிட்டேன். கீழே அவள் கையெழுத்து.

இரண்டு முறை படித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும்.

“இதை நான் சொல்லலைங்க,” என்றாள்.

“எல்லாத்துக்கும் அப்படித்தான் எழுதுவாங்க. விடு, கை சரியாவட்டும்,” என்றான் பகலவன்.

“உங்க பஸ் குழியில விழுந்து, நான்தான் குடிச்சிட்டு ஓட்டுனேன்னு நீங்களே சொன்ன மாதிரி எழுதி வச்சா விடுவீங்களா?”

பகலவன் எழுந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, “வா, போவோம்,” என்றான்.

காவல் நிலையத்தில் ஏட்டு அவளைப் பார்த்ததும் நாற்காலி காட்டினார். கெட்ட மனுஷர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“இதை நான் சொல்லல சார்.”

“கையெழுத்து உன்னோடதுதானேம்மா?”

“என்னோடதுதான். நான் போட்டப்ப நாலு வரி இருந்துச்சு. இப்ப பதினோரு வரி இருக்கு.”

“எல்லா ஆக்சிடென்டுக்கும் வாசகம் இதாம்மா. இதை மனசுல வச்சுக்காத. யாரையாச்சும் ஒருத்தரைக் காட்டியாகணும்ல. எதிர்வண்டி இருந்தா அவன் மேல போடுவோம். உனக்கு எதிர்வண்டி இல்ல.”

“குழி இருந்துச்சே சார்.”

“குழி மேல கேஸ் போட முடியுமா?”

“குழி தானா வந்துச்சா? வெட்டுனவங்க இருக்காங்கல்ல?”

ஏட்டு பேனாவை மூடினார். “அது கவர்மென்ட் வேலை. அவங்க தடுப்பு வச்சிருந்ததாச் சொல்றாங்க. படமும் குடுத்திருக்காங்க. பொம்பளை, அந்த நேரத்துல, பனியில பைக்குல போனா...” என்று இழுத்தவர், சுடர்விழியின் முகத்தைப் பார்த்து மீதியைச் சொல்லாமல் விட்டார்.

அங்கிருந்து நேரே குழிக்குப் போனார்கள். இப்போது அங்கே ஆறு டிரம் வரிசையாக நின்றது, சிவப்பும் வெள்ளையுமாக. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளன் செந்தில்குமார். முப்பது வயசுக்குள் இருக்கும். அவள் கைக்கட்டைப் பார்த்ததுமே யார் என்று புரிந்து எழுந்துவிட்டான்.

“அன்னிக்கே டிரம் வச்சிருந்தோம் அக்கா. படம் எடுத்து ஆபீசுக்கு அனுப்பியிருக்கோம்,” என்று போனை நீட்டினான்.

படத்தில் டிரம்கள் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் நிழல் தரையில் பளிச்சென்று விழுந்திருந்தது. பின்னால் வரப்பு, தென்னை, தூரத்துக் கோபுரம் வரைக்கும் துடைத்துவிட்ட மாதிரித் தெரிந்தது.

“தம்பி, இந்தப் படத்துல வெயில் அடிக்குது,” என்றாள் சுடர்விழி. “நான் விழுந்தப்ப எனக்கு என் கை தெரியல.”

செந்தில்குமார் போனை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தலையைத் தூக்கவில்லை. “எனக்கு மேல உள்ளவங்க எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன்க்கா,” என்றான், பக்கத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கேட்காத மாதிரி.

அதற்குள் ஊர் வாட்ஸப் குழுவில் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. பனியில் பறந்த பைக் பெண், பாலத்தில் பாய்ந்தார் என்று தலைப்பு வைத்து, யாரோ உள்ளூர் நிருபர் போட்டது. கீழே நாற்பது பேர் கை கூப்பியிருந்தார்கள். ஒருவர், பெண்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது என்று அறிவுரை எழுதியிருந்தார். எழுதியவருடைய அப்பாவின் சர்க்கரை அளவு சுடர்விழிக்கு மனப்பாடம்.

உடைந்த எலும்பின் வலிக்கு மாத்திரை இருந்தது. இந்த இரண்டு வார்த்தைக்கு இல்லை. அதிவேகம். அஜாக்கிரதை. பத்து வருஷம் ஆமை மாதிரி ஊர்ந்து, ஒவ்வொரு வளைவையும் காதால் கேட்டு ஓட்டியவளின் வாயிலேயே அவற்றைத் திணித்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்களே என்பது ராத்திரி பகல் அவளை அரித்தது. குழி வெட்டியவனுக்கு ஒரு வார்த்தை இல்லை. வெட்டச் சொன்னவனுக்கு இல்லை. வேலையைப் பார்வையிட வேண்டிய இன்ஜினியருக்கு இல்லை. எல்லா வார்த்தையும் விழுந்தவளுக்கே.

பரிசோதனை நிலையத்தில் சுடர்விழிக்கு மூத்தவர் கமருன்னிஸா. பார்க்க வந்தவரிடம் அறிக்கையைக் காட்டினாள். கமருன்னிஸா கண்ணாடியை இறக்கி, வேலையில் வந்த முடிவுகளைச் சரிபார்க்கிற அதே முகத்தோடு படித்தார்.

“அதிவேகம்னா எவ்வளவு வேகம்? எண் போடல?” என்று கேட்டார்.

“எண்ணெல்லாம் யாரு போடுறாங்கக்கா.”

“நம்மகிட்ட இருக்கே. கடைசியா ரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு?”

சுடர்விழி எழுந்து உட்கார்ந்தாள். ஆறு எட்டுக்கு நங்கையூரில் குறியீட்டைக் காட்டியிருந்தாள். ஆறு முப்பத்தைந்துக்கு மீரா உசேனின் போன் ஆம்புலன்ஸ் பதிவில் இருந்தது. அவர் குழியில் இறங்கித் தூக்கிய நேரம், அவள் பெட்டியை மூடிக் கட்டிய நேரம் எல்லாவற்றையும் தள்ளினாலும் ஏழு கிலோமீட்டருக்கு இருபத்தொரு நிமிஷம். மணிக்கு இருபது கிலோமீட்டர். சைக்கிளில் கொஞ்சம் அழுத்தி மிதிக்கிற ஆள் அவளை முந்திக்கொண்டு போயிருப்பான்.

கமருன்னிஸா மறுநாளே கம்ப்யூட்டரில் இருந்த நேரப் பதிவை அச்செடுத்து, முத்திரை வைத்துக் கொடுத்தார். மீரா உசேன் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றார். இன்னும் ஒன்று வேண்டியிருந்தது. பதிவு அவள் வேலை செய்கிற இடத்துடையது. ஆறு எட்டுக்கு அவள் நங்கையூரில்தான் இருந்தாள் என்று அந்த வீட்டார் எழுதிக் கொடுத்தால் யாரும் வாய் திறக்க முடியாது.

தியாகேசன் அறிக்கையைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

“அந்த கான்ட்ராக்டர் நமக்குத் தெரிஞ்சவன். நாளைக்கு முகத்துல முழிக்கணும்,” என்றார். “உனக்கு என்ன, கை சேர்ந்துடும். ரெத்தினம் இருந்தா இதுக்கெல்லாம் அலைஞ்சிருப்பானா?”

“அலைஞ்சிருக்க மாட்டாங்க சார். அதனாலதான் நான் அலையுறேன்.”

“கோர்ட்டு போலீஸுன்னு எனக்கு இந்த வயசுல வேண்டாம்.”

“உங்களைப் பொய் சொல்லச் சொல்லல. நான் உங்க வீட்டுக்கு வந்தேன். வந்தேன்னு எழுதித் தாங்கன்னு கேக்குறேன். அவ்வளவுதான்.”

அவர் தலையை ஆட்டி மறுத்தார். சுடர்விழி பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது உள்ளேயிருந்து அவர் மனைவி அகிலாண்டம் போனோடு வந்தார். தியாகேசனுக்குப் போனில் பேச மட்டும்தான் தெரியும். குறுஞ்செய்தி எல்லாம் வருவது அகிலாண்டத்துக்கு.

“இந்தா, ஆறு எட்டு. நான் இன்னும் அழிக்கல,” என்றார். பிறகு கணவன் பக்கம் திரும்பாமலே, “அந்தப் பொண்ணு இங்க இருந்துச்சு. நான்தான் காபி வேணுமான்னு கேட்டேன். இருந்ததை இருந்துச்சுன்னு சொல்றதுக்கு என்ன யோசனை வேண்டிக்கிடக்கு? வருஷம் பூரா இவ கையிலதான் உங்க ரத்தத்தைக் குடுக்குறீங்க,” என்றார்.

தியாகேசன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அகிலாண்டம் பேரனின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, சுடர்விழி சொல்லச் சொல்ல அல்ல, தானாகவே நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணல். ஆனால் ஒரு வார்த்தை மிகை இல்லை.

மாவட்டக் காவல் அலுவலகத்தில் வாரம் ஒரு நாள் மனு வாங்குவார்கள். முதல் வாரம் மனுவை வாங்கி ஒரு ரசீது கொடுத்தார்கள். இரண்டாம் வாரம், அது அதே காவல் நிலையத்துக்கே விசாரிக்க அனுப்பப்பட்டிருக்கிறது என்றார்கள். எந்த ஆள் எழுதியதைப் பற்றிப் புகாரோ, அந்த ஆளிடமே புகார் போயிருந்தது. மூன்றாம் வாரம் சுடர்விழி ரசீதை மேஜையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். பின்னால் வரிசை நீண்டது. நகரச் சொன்னார்கள்.

“நகர மாட்டேன் சார். ஒரே ஒரு கணக்கு. ஏழை இருபத்தொண்ணால வகுத்து அறுபதால பெருக்குங்க. வர்ற எண்ணு அதிவேகம்னா நான் போயிடுறேன்.”

அன்று மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். இருபது வந்தது. அறிக்கையைப் பார்த்தார், நேரப் பதிவைப் பார்த்தார், அகிலாண்டத்தின் கோணல் எழுத்தைப் பார்த்தார். கோப்பில் இருந்த வெயிலடிக்கிற படத்தையும் பார்த்தார்.

“இவ்வளவு தூரம் யாரும் வர்றதில்லம்மா,” என்றார்.

“வர முடியாத மாதிரித்தானே சார் வச்சிருக்கீங்க.”

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. பச்சை மையில் ஏதோ எழுதினார்.

தை கடைசியில் தகவல் வந்தது. மறுவிசாரணையில் அவள் மேல் தவறில்லை என்று முடிவாகி, உரிய தடுப்பு வைக்காத குற்றத்துக்கு வழக்கு மாற்றப்பட்டிருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் இருந்த பெயர் செந்தில்குமார், மேற்பார்வையாளர். ஒப்பந்தக்காரரின் பெயர் இல்லை. இன்ஜினியரின் பெயர் இல்லை.

பகலவன் இனிப்பு வாங்கி வந்தான். சுடர்விழி ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள்.

“இருக்கிறதுலயே சின்னவனைப் பாத்துப் பிடிச்சிருக்காங்க,” என்றாள். “அவன் டிரம் வெச்சிருக்க வேண்டியதுதான். ஆனா அவனா ராவோட ராவா வெட்டச் சொன்னான்?”

“உனக்கு எதுலயும் திருப்தி வராதா?”

“பாதிதான் வந்திருக்கு. அதுக்குப் பாதி திருப்தி போதாதா?” என்று சொல்லிவிட்டு இனிப்பைச் சாப்பிட்டாள். மறுநாளே ஒப்பந்தக்காரரையும் சேர்க்கக் கேட்டு இன்னொரு மனு எழுதினாள். அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

மாசி பிறந்து மூன்றாம் நாள் மறுபடி வண்டியை எடுத்தாள். இடது கையால் கிளட்சைப் பிடிக்கும்போது உள்ளே ஒரு நரம்பு இழுத்தது. பனி இன்னும் விட்டுப் போகவில்லை. அறுப்பு முடிந்த வயல்களின் மேல் அங்கங்கே திட்டுத்திட்டாகக் கிடந்தது. பயம் இருந்தது. முதல் இரண்டு வளைவில் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே போனாள். மோட்டார் கொட்டகைச் சத்தம் வந்த இடத்தில் உடம்பு தானாக இடது பக்கம் சாய்ந்தது. அதன் பிறகு காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

பாலம் கட்டி முடித்திருந்தார்கள். டிரம்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பக்கமும் எழுப்பிய கைப்பிடிச் சுவர் வர்ணம் படாத வெறும் சிமெண்டாக, பனியின் அதே நிறத்தில் நின்றது. கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்கவில்லை. இரவில் மின்னுகிற பட்டை ஒட்டவில்லை. சாலையின் அகலத்தை விடச் சுவர் இரண்டடி உள்ளே தள்ளியிருந்தது. தெரியாத ஆள் ஓரமாக வந்தால் நேரே அதில்தான் மோதுவான்.

சுடர்விழி வண்டியை நிறுத்தினாள். பணி விவரப் பலகை ஒன்று, வேலை முடிந்த பிறகு, நட்டுவைத்திருந்தார்கள். அதில் உதவிப் பொறியாளரின் எண் இருந்தது. மணி ஐந்து ஐம்பது. போன் பண்ணினாள். எடுக்கவில்லை. மறுபடி பண்ணினாள். மூன்றாம் முறை தூக்கக் குரல் ஒன்று யாரது என்றது.

“சார், நான் கீழச்சாத்தங்குடி சுடர்விழி பேசுறேன். உங்க பாலத்துல நிக்கிறேன். சுவரு கண்ணுக்குத் தெரியல.”

“ஏம்மா, மணி என்னன்னு தெரியுமா?”

“தெரியும் சார். இந்த நேரத்துலதான் இங்க சனங்க போறாங்க. நீங்களும் ஒரு நாள் இந்த நேரத்துக்கு வந்து பாருங்க. என்னைக்குக் கறுப்பு வெள்ளை அடிப்பீங்க?”

அந்தப் பக்கம் பார்க்கலாம் என்றார்கள். தேதி கேட்டாள். இந்த வாரத்துக்குள் என்றார்கள். கிழமை கேட்டாள். எதிர்முனை கொஞ்சம் யோசித்து, வியாழக்கிழமை என்றது. போனை உள்ளே வைத்து, கையுறையைப் பல்லால் இழுத்து மாட்டிக்கொண்டாள். அடுத்த வீட்டில் ஒரு கிழவர் காபி குடிக்காமல் காத்திருந்தார்.